கோடு கண்டு நடுங்குவதோ?

எழுத்தாணி போயிற்று, மைக்கூடு போயிற்று, தட்டச்சுப் பொறியின் தாளமும் ஓய்ந்து போயிற்று. இன்று வெண்திரையிலே விரல் நுனியால் எழுதுகிறோம். எழுதிய சொல்லின் அடியிலே, அழைப்பார் யாருமின்றி, நெளிந்து நெளிந்து வந்து படுத்துக்கொள்கிறது ஒரு சிவப்புக் கோடு! கண்டதும் பட்டம் பெற்றவர் முகம் வாடுகிறது. பள்ளிப் பிள்ளையின் விரல் நடுங்குகிறது. அலுவலக எழுத்தர், 'எதற்கு வம்பு' என்று அந்தச் சொல்லையே அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுகிறார். சாதகக் கட்டத்தைக் காட்டி மிரட்டினால் சிரிக்கத் தெரிந்த இளைஞன், பூனை குறுக்கே போனால் 'பூனைக்கு என்ன அவசரமோ' என்று கேட்கத் தெரிந்த இளைஞன், இந்தக் கோட்டின் முன் மட்டும் கைகட்டி வாய்பொத்தி நிற்கிறான். ஏன் நிற்க வேண்டும்? கோட்டைக் கிழித்தது யார், எதை வைத்துக் கிழித்தது என்று கேட்டால் குடியா முழுகிவிடும்?

நாம் பழங்காநத்தத்தில் ஆசிரியப் பணி புரிகிறோம். மதுரை நகரின் தென்மேற்குப் பகுதி. ரவுண்டானாவில் எந்தக் கட்சியின் மேடையாவது அடிக்கடி எழும் ஊர். அந்த ஊரின் பெயரை நம் பள்ளிக் கணிப்பொறியில் அடித்தோம். வந்து விழுந்தது கோடு! ஊர் இருக்கிறது, ஊரிலே மக்கள் இருக்கிறார்கள், பேருந்தின் நெற்றியிலே பெயர் இருக்கிறது, பொறி மட்டும் 'பிழை' என்கிறது!

உண்மையில் அது 'பிழை' என்று சொல்லவில்லை, தோழர்களே. அப்படிச் சொல்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பொறியிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. நாம் அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொண்டு போய், பட்டியலில் உண்டா, உண்டு என்று காட்டும் விதி ஏதும் உண்டா என்று பார்க்கிறது. இருந்தால் வாய்மூடிச் செல்கிறது. இல்லையென்றால் கோடு கிழிக்கிறது. அவ்வளவே. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவரைப் பார்த்து, 'நீ பிறக்கவே இல்லை' என்று எவரேனும் சொல்வாரா? 'பட்டியலில் இல்லை' என்பது ஒரு செய்தி. 'பிழை' என்பது ஒரு தீர்ப்பு. முன்னதைப் பொறி சொல்கிறது. பின்னதை நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுத எழுதவே அடியில் நெளியும் இந்தச் சிவப்புக் கோடு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்டு என்னும் சொற்செயலியில் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. இலக்கணத்துக்கென்று பச்சைக் கோடு 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. பின்னர்ப் பச்சை போய் நீலம் வந்தது. இப்போதைய பதிப்புகளில் நடையைப் பற்றிய யோசனைக்கென்று ஊதாப் புள்ளிகளும் வருகின்றன. சிவப்பு எழுத்தைப் பற்றியது, நீலம் தொடரைப் பற்றியது, ஊதா வெறும் யோசனை. இந்த வேறுபாட்டை அறியாமல், நிறம் எதுவாயினும் குற்றப் பத்திரிகை என்று எண்ணுவோர் பலர். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தக் கோடுகள் தாளில் அச்சாவதில்லை. அச்சிட்டால் அசிங்கமாகிவிடுமே என்று அஞ்சி நல்ல சொற்களைக் கொன்றவர்களை நாம் அறிவோம்!

மதுரைக்காரருக்கு இதில் ஒரு பழைய மணம் அடிக்கும். பொற்றாமரைக் குளத்திலே சங்கப் பலகை மிதந்ததாம், தகுதியுள்ள நூலை வைத்தால் இடம் கொடுக்குமாம், தகாததைத் தள்ளிவிடுமாம். புராணம் புளுகு என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் புளுகின் உள்ளே இருக்கும் ஆசையைப் பாருங்கள்! காரணம் கூறாமல் தீர்ப்பு மட்டும் கூறும் ஒரு பொருள் வேண்டும். புலவர் வாதிட வேண்டாம், படிப்போர் சிந்திக்க வேண்டாம், பலகை பார்த்துக்கொள்ளும்! அதே ஊர்ப் புராணத்திலேதான் நக்கீரனும் வருகிறான். பாடல் ஆண்டவனுடையது என்றாலும் பொருட்குற்றம் குற்றந்தான் என்று நின்றவனாக அவனைக் காட்டுகிறார்கள். கதைதான். என்றாலும் பலகைக்கும் அவனுக்கும் வேறுபாடு உண்டு. அவன் 'கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது' என்று காரணம் சொன்னான். பலகை காரணம் சொல்லாது. சிவப்புக் கோடும் சொல்லாது.

கோடு விழுந்ததெல்லாம் பிழையன்று என்பது பாதிதான். கோடு விழாததெல்லாம் சரியும் அன்று. இதுதான் ஆபத்தான பாதி.

ரவுண்டானா அருகே கடை ஒன்றில் துண்டறிக்கை அடிக்கக் கொடுத்திருந்தார் ஒரு தோழர். நூலகத் திறப்பு விழா. நடத்துவோர் இளைஞர் கழகம். அச்சாகி வந்ததோ, 'இளைஞர் கலகம் நடத்தும் நூலகத் திறப்பு விழா'! 'கோடு ஒன்றும் விழவில்லையே' என்றார் கடைக்காரர். எப்படி விழும்? கழகமும் தமிழ், கலகமும் தமிழ். இரண்டும் பட்டியலில் உண்டு. கலகம் செய்து நூலகம் திறந்த பெருமை நம் ஊருக்கு மட்டுமே கிட்டியிருக்கும், நல்லவேளையாக ஒருவர் கண்ணில் பட்டது!

மதுரைப் பக்கத்து நாக்குக்கு ழகரம் எளிதில் வருவதில்லை. பழம் 'பளம்' ஆகும். நம் ஊரே பலர் வாயில் 'பளங்காநத்தம்' ஆகும். பேச்சில் அது குற்றமன்று. ஆனால் எழுத்தில் இறங்கினால் வாழைத் தோட்டம் 'வாளைத் தோட்டம்' ஆகிறது. வாளை என்பது மீன்! தோட்டத்தில் மீன் பயிரிட்ட மாணவனைப் பொறி ஒரு சொல்லும் கேட்கவில்லை. 'பெண்கள் பனிக்குச் செல்வதை ஆதரிக்க வேண்டும்' என்று எழுதினான் இன்னொருவன். உரிமை பேச வந்தவன், பெண்களை இமயமலைக்கு அனுப்பிவிட்டான். தந்த பலகை என்றால் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. நடுவிலே ஓர் ஒற்று. அதற்குள்ளே ஒரு யானை! தனித்தனிச் சொல்லாகப் பார்க்கும் பொறிக்கு இந்த யானை தெரிவதில்லை. மனிதக் கண்ணுக்குத்தான் தெரியும், அந்தக் கண் விழித்திருந்தால்.

பக்கம் முழுதும் சிவந்து போகும் நேரமும் உண்டு. வினாத்தாள் ஒன்றைத் திறந்த நண்பர் ஒருவர், ஏறத்தாழ எல்லாச் சொல்லுக்கும் அடியில் கோடு கண்டு, 'தமிழுக்கும் கணிப்பொறிக்கும் ஒத்துவராது, ஆங்கிலத்திலேயே அடித்துவிடலாம்' என்றார். எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்லித் தமிழை மூட்டை கட்டியிருப்பார்கள்! பார்த்தோம். அந்தத் தாள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். பொறியின் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பொறிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே இருக்கின்றன. ஆங்கிலச் சட்டையை மாட்டிவிட்டு அம்மாவை ஆங்கில அகராதியிலே தேடச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்! தமிழ் எழுத்துக்களுக்கென்று தனி எண்கள் தரும் ஒருங்குறியில் அடித்தால்தான் பொறிக்கு அது தமிழ் என்று தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதன் பின்னும் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவதும், அழுதுவிட்டுத் தமிழைப் பழிப்பதும் என்ன நியாயம்?

பொறி சரியாகவும் நம் கண் தவறாகவும் இருக்கும் இடமும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. 'கௌரவம்' என்ற சொல்லில் ககரத்தின் இருபுறமும் நிற்பது ஒரே உயிர்க்குறி. பலர் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பொறிக்கோ அது கெ-ள-ர-வ-ம். கோடு விழுகிறது. 'நன்றாகத்தானே இருக்கிறது, பொறிக்குப் பைத்தியம்' என்பார்கள். பைத்தியம் பொறிக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவில், தமிழுக்குப் பட்டியல் போடுவதே எளிய வேலையன்று. ஆங்கிலத்தில் 'மரம்' என்ற சொல்லுக்கு ஒருமை, பன்மை, உடைமை என்று சில வடிவங்களைப் போட்டால் தீர்ந்தது. நமக்கோ மரத்தை, மரத்தால், மரத்திற்கு, மரத்திலிருந்து, மரங்களோடு, மரங்களுக்காகவும், மரத்திலேதானா என்று கிளைவிட்டுக்கொண்டே போகும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஒரு தொடரே வேண்டும். இத்தனை வடிவங்களையும் எழுதிவைக்கும் பட்டியல் எங்கே இருக்கிறது? வேரைத் தனியே, ஒட்டைத் தனியே பிரித்துப் பார்க்கும் விதிகள் வேண்டும். இதே தொல்லையில் உழன்றவர் அங்கேரி நாட்டார். அவர்கள் மொழியும் ஒட்டின் மேல் ஒட்டு ஏறும் மொழி. அந்நாட்டைச் சேர்ந்த லாஸ்லோ நேமெத் என்பவர் தம் தாய்மொழிக்கென ஹன்ஸ்பெல் என்னும் பிழைநோக்கியை ஆக்கினார். அதையே இன்று லிப்ரே ஆபீஸ் முதலிய பல செயலிகள் பல மொழிகளுக்கும் பயன்படுத்துகின்றன. தன் மொழிக்காக ஒருவன் பட்ட பாடு, உலகத்துக்கே கருவியாயிற்று.

நம்மவரும் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் அவர்களின் முயற்சியில் மென்தமிழ் சொல்லாளர் வந்தது. நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்ட இராசாராமன் சொற்பிழை காட்ட 'வாணி'யையும், சந்திப்பிழை காட்ட 'நாவி'யையும் இணையத்தில் எல்லாரும் பயன்படுத்த வைத்தார். பாராட்டுவோம், பயன்படுத்துவோம். ஆனால் இவர்களின் கருவியும் கருவிதான். பூசை அறையில் வைப்பதற்கன்று.

இனி, எதற்காக இத்தனை விரிவாக எழுதுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

பள்ளி மலருக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை எழுதினாள். முதலில் குறிப்பேட்டில், கையெழுத்தில். தன் அப்பத்தாவைப் பற்றியது. விடியுமுன் எழுந்து அங்கணத்தில் பாத்திரம் துலக்குவதையும், சருவச்சட்டியில் உலை வைப்பதையும், 'வெஞ்சனம் இல்லாமல் சோறு இறங்காது' என்று பேத்திக்கு மட்டும் ஒரு கை கூடுதலாக அள்ளி வைப்பதையும் எழுதியிருந்தாள். படித்தபோது நமக்கு வயிறு பசித்தது. அதைவிடச் சான்றிதழ் வேறு வேண்டுமா? 'கணிப்பொறியில் அடித்துக் கொடு அம்மா' என்றோம். இரண்டு நாளில் கொடுத்தாள். 'ஒரு கோடுகூட இல்லை, பாருங்கய்யா' என்றாள் பெருமையோடு.

பார்த்தோம். கோடு இல்லை. அப்பத்தாவும் இல்லை! 'பாட்டி' இருந்தாள். அங்கணம் 'தண்ணீர்த் தொட்டி' ஆகியிருந்தது, சருவச்சட்டி வெறும் 'பாத்திரம்', வெஞ்சனம் 'காய்கறி'. 'சோறு இறங்காது' என்ற பேச்சு இருந்த இடத்தில், 'உணவு உண்ண இயலாது' என்று எழுதியிருந்தாள். ஏனென்று கேட்டோம். 'சிவப்புக் கோடு வந்துச்சுங்கய்யா. எங்க வீட்டுல பேசுறதெல்லாம் தப்புத் தமிழ்னு தெரிஞ்சுது. அதான் மாத்திட்டேன்.'

தப்புத் தமிழ்! அவள் குற்றமா இது? அந்தப் பிள்ளைக்கு எவரும் 'உன் வீட்டுப் பேச்சு இழிந்தது' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்போம், நாமும் அவளும். ஆனால் வாய் திறவாத ஒரு கோடு சொல்லாமல் சொன்னது. அவள் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டாள். 'எழுதப் படிக்கத் தெரியாதவள்' என்று உலகம் ஒதுக்கிய ஒரு கிழவி, பேத்தியின் எழுத்திலாவது இடம் பெற்றாளே என்றிருந்தோம், அங்கிருந்தும் வெளியேற்றிவிட்டார்கள். யார் வெளியேற்றினார்கள் என்று கேட்டால் கை காட்ட ஆளில்லை!

அப்பத்தா என்றால் அப்பாவைப் பெற்றவள். பாட்டி என்றால் அப்பாவைப் பெற்றவளா, அம்மாவைப் பெற்றவளா, அடுத்த வீட்டு மூதாட்டியா? சொல் மாறியபோது 'பிழை' திருந்தவில்லை, பொருள் குறைந்தது. பட்டியலைத் தொகுத்தவர் செய்தித்தாளையும் பாடநூலையும் பார்த்துத் தொகுத்திருப்பார். பழங்காநத்தத்துச் சமையற்கட்டுக்கு அவர் வந்ததில்லை. அது அவர் சதியென்று சொல்ல மாட்டோம். வராததற்கு அப்பத்தா ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

அறியாதவன் திருத்த வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலே ஒரு பழைய கதை வழங்குகிறது. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர், குறளில் எதுகை சரியில்லை என்று கண்ட இடமெல்லாம் தாமே சொல்லை மாற்றி, 'திருத்திய' பதிப்பென்று அச்சிட்டாராம். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், பிரதிகள் அத்தனையையும் விலை கொடுத்து வாங்கித் தீயிட்டாராம். நூலை எரிப்பதில் நமக்கு உடன்பாடு கிடையாது. படித்துச் சிரித்திருந்தாலே போதும். ஆனால் ஸ்காட்டிடம் ஒரு நேர்மை இருந்தது. தம் பெயரைப் போட்டுத் திருத்தினார். அதனால் எதிர்க்க முடிந்தது.

திருத்தமே கூடாது என்று சொல்பவரல்லர் நாம். எது சரி என்பதும் காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு மாறுகிறது. நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற ஆங்கிலச் சொல்லை நம் பிள்ளைகள் யு எழுத்தோடு எழுதுகிறார்கள். பொறியின் மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று வைத்திருந்தால் கோடு விழும். பிரித்தானிய ஆங்கிலம் என்று மாற்றினால் கோடு மறையும். சொல் அதே, எழுதியவன் அதே! நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியில் அந்த எழுத்தை உதறினார், அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. இங்கே பெரியார் 1935-இல் 'குடிஅரசு' ஏட்டில் சீர்திருத்த எழுத்துக்களைப் புகுத்தினார். லை, னை, ணை ஆகியவற்றில் துதிக்கைபோல் தூக்கிக்கொண்டு நின்ற கொம்பை இறக்கி, ஏனைய எழுத்துக்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். அன்றைய மெய்ப்புத் திருத்துவோர் கையில் அந்த ஏடு கிடைத்திருந்தால் வரிக்கு வரி கோடு போட்டிருப்பார்! 1978-இல் அரசாணை வந்தது. இன்றைய மாணவனிடம் பழைய எழுத்தைக் காட்டினால், 'அய்யா, இது அச்சுப்பிழையா?' என்று கேட்கிறான். கோடு போட்டவர் பக்கமும் கோடு வாங்கியவர் பக்கமும் இடம் மாறிக்கொண்டன. மாற்றியது கோடன்று. இந்த எழுத்துக்கு ஏன் தனி வடிவம், இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்ட கேள்வி.

ஆகவே அந்த மாணவிக்கும் அவள் தோழியருக்கும் நாம் காட்டியது ஒரே ஒரு வழி. கோடு விழுந்த சொல்லின் மேல் சுட்டியை வைத்து வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பட்டியல் விரியும். மேலே பொறியின் யோசனைகள். கீழே 'புறக்கணி', 'அகராதியில் சேர்' என்னும் உரிமைகள். பலரும் மேலே இருப்பதைப் பார்த்துக் கைவைத்துவிட்டு, கீழே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. 'சேர்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கணிப்பொறியில் அந்தச் சொல்லுக்குக் குடியுரிமை கிடைத்துவிடும். ஆனால் பொறுப்போடு சேர்க்க வேண்டும். எவனோ ஒருவன் 'பளம்' என்பதைச் சேர்த்துவிட்டுப் போனால், அதன் பின் எத்தனை பேர் அப்படி எழுதினாலும் பொறி வாய் திறக்காது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். சொல்லைக் கொண்டுவருபவர் பொருளும் சொல்ல வேண்டும், யார் வாயில் கேட்டார் என்றும் சொல்ல வேண்டும். மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும். பழங்காநத்தம் முதல் நாளே ஏறிவிட்டது. அப்பத்தா, அம்மாச்சி, மதினி, அங்கணம், சருவச்சட்டி ஆகியவை எதிர்ப்பின்றி ஏறின. தகராறு வெஞ்சனத்தில் வந்தது. அது 'வியஞ்சனம்' என்ற வடசொல்லின் திரிபு. தனித்தமிழ் பேசும் நாம் அதற்கு வாசல் திறக்கலாமா என்று ஒரு மாணவன் எழுந்தான். 'எங்க அப்பத்தாவுக்கு வடமொழி தெரியாது, வெஞ்சனம்தான் தெரியும். தொடுகறி என்று எழுதினால் அது அவள் பேச்சாகுமா?' என்று கேட்டாள் கட்டுரை எழுதியவள். அவனும் அசையவில்லை, அவளும் அசையவில்லை. நம்மைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள், மறுத்துவிட்டோம். அடுத்த வெள்ளிக்கு இருவரும் அகராதிகளோடு வருவதாக ஏற்பாடு. அதுவரை வெஞ்சனத்தின் கீழே கோடு நெளிந்துகொண்டிருக்கிறது. மலர் அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.